ஆறாம் பை

ஆறு பைகள். ஆறிலும் மார்க்கரில் எண்.
எடுத்த இடம், ஆழம், ஈரத்தில் நிறம்.
நிறத்தை எழுதத்தான் நேரமாகிறது.
மஞ்சள் என்றால் எந்த மஞ்சள்?
கடுகுப் பூவா, கனிந்த பலாச்சுளையா,
தயிர்சோற்றில் பரவும் ஊறுகாய் எண்ணெயா?

முதல் பை, தேயிலைச் சரிவின் செம்மண்.
பார்க்க அழகு.
பிசைந்து, பென்சில் கனத்துக்கு உருட்டி,
விரலில் சுற்றினேன்.
அரை வட்டத்தில் உதிர்ந்தது.
எத்தனை யுகத்து மழையோ கழுவிக் கழுவி
ஒட்டும் குணத்தைச் சமவெளிக்கு அனுப்பிவிட்டது.
செடிக்குப் போதும். கோப்பைக்குப் போதாது.

இரண்டு, ஓடைக்கரை.
பாட்டிலில் கலக்கி வைத்தேன்.
விடிந்தபோது அடியில் மூன்று விரல் மணல்,
மேலே நகக்கனம் களி.
மூன்றாவதில் வேரைப் பொறுக்கியே ஒரு மாலை போயிற்று.
நான்கு, சதுப்பின் கருப்பு.
வெண்ணெய் மாதிரி வழிந்து ஆசை காட்டியது;
சூளையில் பாதி புகையாகிப்
பக்கத்து வீட்டு ரோஸ்மேரி டீச்சர் ஜன்னலைச் சாத்தினாள்.
ஐந்து, வெண்களி.
ஆயிரத்து இருநூறு டிகிரிக்கும் அசையாத பிடிவாதம்,
சக்கரத்தில் வைத்தாலோ
திரிந்த பால்.

ஆறு,
கட்டபெட்டுக்குக் கீழே, இரண்டாவது வளைவு.
சென்ற ஐப்பசியில் போஜராஜின் கேரட் பாத்திகள்
நாலு அடுக்கும்
தார்ச்சாலையில் வந்து உட்கார்ந்த இடம்.
ஜேசிபி ஓட்டிய எஸ்றா
வாளியின் பற்களில் ஒட்டியதைச் சுரண்டிக் கொடுத்தான்.
"எடுத்துட்டுப் போங்கக்கா, சனியன், விடவே மாட்டேங்குது."

வினிகர் சொட்டினேன். நுரைக்கவில்லை.
சுண்ணாம்பு இல்லை, நல்லது;
இருந்தால் சுட்டு ஒரு மாதம் கழித்தும்
நள்ளிரவில் அலமாரியில் ஒரு தட்டு தெறிக்கும்.
ஓடு தட்டி, நடுவே பத்து சென்டிமீட்டர் கோடு கீறினேன்.
இங்கே ஆடிப் பனிமூட்டத்தில்
ஒரு ஓடு காய ஒன்பது நாள்.
துணியைப் போல அடுப்போரம் வைத்தால்
கோபித்துக்கொண்டு வில்லாய் வளையும்.
காத்திருந்தேன்.
காய்ந்ததும் கோடு ஒன்பது புள்ளி இரண்டு.
சுட்டதும் எட்டே முக்கால்.
எண்பது கிராம் ஓட்டை ஐந்து மணி நேரம் வேகவைத்தேன்,
எண்பத்திரண்டுக்கு மேல் குடிக்கவில்லை.
தட்டினால் மணி ஓசை.
நோட்டில் அடிக்கோடிட்டு எழுதினேன்: மிக நன்று.

எழுதிய பிறகுதான்
அந்த இரண்டு சொல்லையும் யார் படிப்பார் என்று உறைத்தது.

போஜராஜ் இழப்பீட்டு மனுவில் சாட்சிக் கையெழுத்துக்கு வந்திருந்தார்.
மேசையில் இருந்த ஈர உருண்டையைக்
கேட்காமலே எடுத்தார். உருட்டினார்.
சுண்டுவிரலில் ஒரு சுற்று, இரண்டு சுற்று.
ஒரு கீறல் இல்லை.
"தண்ணிய உள்ள வாங்குமா?"
"மெதுவா வாங்கும்."
"வாங்கினா விடாதா?"
"லேசில் விடாது."
"அதான்" என்றார்.
வேறு ஒன்றும் சொல்லவில்லை.
வளையத்தைக் கழற்றி
என் டீ டம்ளர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

இன்னும் இருபது கிலோ வேண்டும் என்று
மறுவாரம் கோணியோடு போனேன்.
அதே வளைவில், அதே மண்ணை
மூட்டைகளில் அடைத்து
மலைக்குத் தடுப்பாக அடுக்கியிருந்தது நெடுஞ்சாலைத் துறை.
நூற்றுப்பத்து மூட்டை. எண்ணினேன்.
ஒன்றைக்கூட உருவ மனம் வரவில்லை;
உருவவும் கூடாது.

கடைசிக் கைப்பிடியோடு அந்த வளையத்தையும் சுட்டேன்.
கைரேகை அப்படியே இருந்தது, நிறம் மட்டும்
காய்ந்த மிளகாய்.
மனுவின் நகல் வாங்க வந்தவர் போட்டுப் பார்த்தார்.
முதல் கணுவோடு நின்றுவிட்டது.
"என் விரல்தானே?" என்றார்.
நூற்றுக்குப் பன்னிரண்டரை என்று
சொல்ல வாயெடுத்தேன்.
அவர் அதைச் சட்டைப் பையில்,
மனுவுக்கும் பஸ் டிக்கெட்டுக்கும் நடுவே,
போட்டுக்கொண்டார்.

பை ஆறு: இருப்பு இல்லை.